பிழையில்லாத சுற்றறிக்கை

கண்டியில் நான் ஆயுசு முழுக்க வேலை பார்த்த அச்சுக்கூடம் ஆண்டு மலர் போடுகிறதாம். ஆங்கிலப் பகுதியை மூடி, ஆங்கில எழுத்துகளையெல்லாம் ஈயமாக எடைக்குப் போட்ட பிறகு அவர்களுக்கு மலர் போட ஆசை வந்திருக்கிறது. இப்போது அங்கே வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஐயா, உங்க காலத்துல நம்ம அச்சுக்கூடத்து இங்கிலீஷ்ல ஒரு பிழை பாக்க முடியாதாமே. ஹீ, ஷீ எல்லாம் அவ்வளவு சுத்தமாம். அதப்பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதித் தாங்க."

எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் திருப்பிக் கொண்டு வந்தார். மலருக்குச் சரிவராதாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, மேலிருந்து சொன்னதை வந்து சொன்னார். அதே கட்டுரையைத்தான் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். நல்லது வேண்டும் என்பவர்கள் அந்த மலரை வாங்கிப் படிக்கட்டும்.

நான் பன்விலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன். பாதர்மார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில் அச்சுக்கூடத்தில் சேர்ந்தேன். முதலில் மூலப்பிரதியை உரக்க வாசிக்கும் வேலை, பிறகு புரூஃப் பார்க்கும் வேலை. வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தொண்டை வறண்டது, கண் கெட்டது.

எங்களுக்கு மேலே இருந்தவர் செல்லத்துரை மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் மாஸ்டர். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றமாட்டார். நீலப் பென்சிலை இரண்டு முனையிலும் சவர அலகால் சீவி வைத்திருப்பார். அவருடைய தேத்தண்ணிக் கோப்பை அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். எங்கள் கோப்பைகளோடு அதைச் சேர்த்துக் கழுவ விடமாட்டார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

புரூஃப் பார்ப்பதில் எல்லா அச்சுக்கூடத்துக்கும் ஒரு முறை உண்டு. ஒருவர் மூலத்தை வாசிப்பார், மற்றவர் அச்சைப் பார்த்துக்கொண்டு போவார். காற்புள்ளிக்கு மேசையில் ஒரு தட்டு, முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. அதோடு வேலை முடிந்தது. எங்கள் அச்சுக்கூடத்தில் மட்டும் அதற்குப் பிறகு இன்னொரு சுற்று உண்டு. மாஸ்டர் கண்டுபிடித்த சுற்று. அதற்குக் கயிறு கட்டுதல் என்று பெயர்.

வாசிப்பவரை வெளியே அனுப்பிவிட வேண்டும். தாளில் உள்ள ஹீ, ஷீ, இட், தே, ஹிஸ், ஹேர், தெயர் ஒவ்வொன்றையும் சுற்றி நீலப் பென்சிலால் ஒரு வட்டம். அந்த வட்டத்திலிருந்து, அது எந்தப் பெயருக்குப் பதிலாக நிற்கிறதோ அந்தப் பெயர்வரை அடிமட்டம் வைத்து ஒரு கோடு. பெயர் ஒருமை என்றால் வட்டத்துக்குள் இருப்பதும் ஒருமையா, பெயர் பெண் என்றால் வட்டத்துக்குள் இருப்பதும் பெண்ணா என்று பார்க்க வேண்டும். கோடு வழியில் இன்னொரு ஆளின் பெயரை வெட்டினால் குழப்பம் என்று அர்த்தம், வாக்கியத்தைப் பிரிக்க வேண்டும். கோடு போய்ச் சேர ஒரு பெயரும் கிடைக்காவிட்டால் பெருக்கல் குறி. அந்தக் குறியைப் பார்த்ததும் மாஸ்டர் என் பக்கம் திரும்புவார்.

"உந்த ஹீ ஆர்? ஆளைக் கொண்டா."

கத்தமாட்டார். நான் ஆளைக் கண்டுபிடிக்கும்வரை பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருப்பார். அவருக்கு அந்த ஹீ உண்மையில் யார் என்பதில் அக்கறை கிடையாது. கோடு போய் ஓரிடத்தில் முட்ட வேண்டும், அவ்வளவுதான். இது எனக்குப் புரியப் பல வருஷம் ஆனது.

எவ்ரிவன் என்ற சொல்லோடு அவருக்கு ஒரு யுத்தமே நடந்தது. வெள்ளைக்காரர்களே எவ்ரிவன் என்று தொடங்கி தெயர் என்று முடிப்பார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாதபோது அதுதான் அவர்கள் வாயில் வருவது. மாஸ்டர் விடமாட்டார். "எவ்ரிவன் ஒராள். ஒராளுக்கு தெயர் போடேலாது. ஹிஸ் போடு." கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தின் பரிசளிப்பு விழா நிரலில் ஒவ்வொரு மாணவியும் ஹிஸ் கதிரையில் உட்கார வேண்டும் என்று அடித்து அனுப்பினோம். மதர் அத்தனையையும் திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஹேர் என்று மாஸ்டர் ஒரு விதி போட்டார்.

ஆசிரியர் சங்கத்து விதிகளை அச்சடித்தபோது கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு டீச்சரம்மா புரூஃபைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே மாடியேறி வந்துவிட்டார்.

"மாஸ்டர், இதுல முழுக்க ஹீ, ஹிஸ்னு இருக்கே. நாங்க சங்கத்துல இல்லையா?"

"ஹிஸ்ஸுக்குள்ள நீங்களும் அடக்கம், பிள்ளை. சட்டத்திலயும் அப்பிடித்தான்."

"சரி. அப்ப எங்க சந்தாவயும் அந்த ஹிஸ்ஸுக்கிட்டயே வாங்கிக்கச் சொல்லுங்க."

கீழே அச்சுக்கோப்பவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஹிஸ்ஸும் மாறவில்லை.

வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் கிளப்புக்கு ஒரு மாத இதழ் உண்டு. அதுவும் எங்களிடம்தான் வரும். ஒரு துரை சிறுத்தை சுட்ட கதையை எழுதியிருந்தார். அந்தச் சிறுத்தை அவருடைய வேட்டை நாயைக் கொண்டுபோய்விட்டதாம். ஷீ எவ்வளவு விசுவாசம், ஷீ எப்படி அவர் கையிலிருந்தே சாப்பிடும் என்று அரைப் பக்கம். அதற்கு முந்திய வாரம் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு கூலியின் குழந்தையையும் சிறுத்தை கொண்டுபோயிருந்தது. அது ஒரு வரி. இட் ஓடைக்கரையில் கிடந்ததாம். நான் இரண்டுக்கும் வட்டம் போட்டேன். கோடும் இழுத்தேன். பிறகு தாளை மாஸ்டரிடம் கொண்டுபோனேன்.

"மாஸ்டர், புள்ளைக்கு இட் போட்டிருக்காரு."

"பிள்ளை ஆணோ பெண்ணோ தெரியாட்டி இட் தான். பிழையில்லை."

"நாய் பொட்டைன்னு மட்டும் தெரிஞ்சிருக்கே."

"அது துரையின்ர நாய். துரைக்குத் தெரியும்."

அப்படியே அச்சேறியது. இலக்கணப்படி ஒரு பிழையும் கிடையாது. நான் பிறந்ததும் அப்படியொரு லயத்தில்தான்.

இனி தலைப்பில் உள்ள அந்தச் சுற்றறிக்கைக்கு வருகிறேன். முப்பதுகளில் நடந்தது. அப்போது தோட்டத்தில் ஒருவரை வேலையை விட்டு நிறுத்தினால், துரை சில சமயம் அதோடு விடமாட்டார். மற்றத் தோட்டங்களுக்கெல்லாம், இந்த ஆளைச் சேர்க்க வேண்டாம் என்று ஒரு தாள் அச்சடித்து அனுப்புவார். அந்தத் தாளில் பெயர் வந்துவிட்டால் எந்தத் தோட்டத்திலும் பெயர் பதிய முடியாது. வேலையும் இல்லை, லயத்தில் இருக்க இடமும் இல்லை.

பன்விலைப் பக்கம், நான் பிறந்த தோட்டத்துக்கு அடுத்த மலையிலிருந்து அப்படியொரு தாள் வந்தது. தோட்டத்துக் கிளாக்கரின் கையெழுத்து, கீழே துரையின் ஒப்பம். ஆரோக்கியம் என்ற கூலியை வெளியேற்றிவிட்டோம், ஹீ மற்றவர்களைக் கெடுத்தான், எச்சரித்தபோது ஷீ கொழுந்துக் கூடையைக் கவிழ்த்தாள், ஆகவே எந்தத் துரையும் ஹிம் சேர்க்க வேண்டாம். இப்படியே ஒரு பக்கம், ஹீயும் ஷீயும் மாறி மாறி.

எனக்குப் பார்த்த உடனே புரிந்தது. ஆரோக்கியம் என்ற பெயரை எங்கள் வேதக்காரர்களில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். மலையில் வேலைக்குப் பேர் போடும் கணக்கப்பிள்ளை வாயால் சொல்லியிருப்பார். தோட்டத்தில் கூலியைப் பற்றி மேலே சொல்லும்போது அவன் அவள் என்று சொல்வதில்லை. அது வந்தது, அது பேசியது என்றுதான் சொல்வார்கள். கிளாக்கர் புதியவர், ஆளைக் கண்டிருக்கமாட்டார். அந்த அதுவை ஓரிடத்தில் ஹீ ஆக்கினார், ஓரிடத்தில் ஷீ ஆக்கினார்.

மாஸ்டர் தாளை ஒரு தடவை பார்த்தார். "முதல் நிக்கிறது ஹீ. மற்றதுகளையும் அதோட கட்டு."

"மாஸ்டர், இது பொம்பளைக்கும் வைக்கிற பேரு. தோட்டத்துக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாப்போம்."

"தோட்டத்துக்குக் கேள்வி போறதில்லை."

அது உண்மை. பள்ளிக்கூடம், கோயில் எதுவென்றாலும் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு துண்டுத் தாளை ஒட்டி, இது சரியா என்று கேட்டு அனுப்புவோம். துரைமாருடைய தாளுக்கு அப்படி ஒட்டுவதில்லை. துரையிடம் கேட்பது துரைக்குப் பிழை சொல்வது. அச்சுக்கூடத்து முதலாளியின் கட்டளை அது. அந்தக் கட்டளையை முதலாளியைவிட மாஸ்டர்தான் இறுக்கமாகப் பிடித்திருந்தார்.

அன்று சனிக்கிழமை. மறுநாள் பூசை முடிந்ததும் நான் பன்விலை பஸ் ஏறினேன். மலையேறிப் போய்க் கணக்கப்பிள்ளையைப் பிடித்தேன், சின்ன வயதிலிருந்தே என்னைத் தெரிந்தவர். வாசலில் உட்கார்ந்து செருப்புக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சவரிமுத்து, டவுன்ல காத்து பத்தலையா?"

"ஒரு விஷயம் கேக்கணும் ஐயா. நோட்டீஸ் அடிக்க வந்திருக்கே, ஆரோக்கியம்னு. யாரு?"

"அதுவா. கூடையக் கொட்டுச்சே, அது."

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளதான். தாலியறுத்தது. அன்னைக்கு அதுக்கு அரைப்பேர்தான் போட்டேன். அரைநாள் சம்பளம்னதும் கூடைய எங்காலுகிட்ட கவுத்துட்டு, மத்ததுங்களையும் கவுக்கச் சொல்லுச்சு."

"கிளாக்கரய்யாக்கிட்ட பொம்பளன்னு சொன்னீங்களா?"

"அது செஞ்சதச் சொன்னேன். வேற எப்பிடிச் சொல்லுவாங்க?"

"இங்க வேற ஆரோக்கியம் இருக்காங்களா?"

"இருக்கு. ஸ்டோர்ல கொழுந்து அரைக்கிற மெசின்ல நிக்கிது. நல்லது, வாயே தொறக்காது. அதுக்கென்ன இப்ப?"

ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை. அங்கே வேலை பார்த்த ஆரோக்கியத்தை லயத்தில் போய்ப் பார்த்தேன். இருபத்தைந்து வயதிருக்கும். வாசலில் ஒரு தகரப் பெட்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கல்யாணம். பெண் தெல்தெனியப் பக்கத்துத் தோட்டம். பெண்ணின் தகப்பனுக்குக் கண் தெரியாது, மாப்பிள்ளை அங்கே வந்து இருந்தால்தான் பெண் கொடுப்போம் என்றிருக்கிறார்கள். இவரும் சம்மதித்து, தோட்டத்திலிருந்து விலகும் சீட்டை வாங்கிவிட்டார். அடுத்த வாரம் அங்கே பெயர் பதிய வேண்டும். இவருடைய இடத்துக்கு ஆளும் போட்டாகிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்தார்.

"கூடையக் கொட்டுனது அந்தக்காங்க. நேத்தே ரெண்டு புள்ளையையும் கூட்டிக்கிட்டு புசல்லாவைக்குப் போயிட்டாங்க, தங்கச்சி வீட்டுக்கு. அங்க சேத்துப்பாங்களான்னு பாக்கப் போறாங்க."

"உங்க பேர்ல வந்துருமோன்னுதான் நான் ஓடி வந்தேன்."

"அச்சுல வர்றத நீங்கதானே படிச்சுப் பாக்குறீங்க? அப்புறம் எனக்கென்னங்க பயம்?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தூரிகையை எடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். எல்லாவற்றையும் ஹீ ஆக்கினால் பச்சைப் பெட்டிக்காரர் போனார். ஷீ ஆக்கினால் அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் போனார்கள். கலந்தபடியே விட்டால் இருவரையும் தடுப்பார்கள். ஒரே வழிதான் இருந்தது. துண்டுத் தாள் ஒட்டித் தோட்டத்துக்கு அனுப்ப வேண்டும். போய்த் திரும்ப ஒரு வாரத்துக்கு மேலாகும். அதற்குள் இவர் தெல்தெனியாவிலும் அந்தப் பெண் புசல்லாவையிலும் பெயர் பதிந்துவிடலாம். பதிந்த ஆளை வெளியேற்ற இன்னொரு துரை அவ்வளவு அவசரப்படமாட்டார். எனக்குத் தேவைப்பட்டது அந்த ஒரு வாரம்.

திங்கட்கிழமை காலையில் மாஸ்டர் கதிரையில் உட்காரக்கூட இல்லை, நான் போய் நின்றேன்.

"மாஸ்டர், அந்தத் தோட்டத்துல அதே பேர்ல ஒருத்தரு இருக்காரு. ஒரு தப்பும் செய்யாதவரு. கல்யாணம் வேற வச்சிருக்கு. ஹீன்னு போட்டா அவரு நடுத்தெருவுல நிப்பாரு."

"அப்ப ஷீ போடவோ?"

நான் மேசையில் கிடந்த தாளைப் பார்த்தேன்.

"என்ன, வாயைத் திற. ஷீ போடவோ?"

"எனக்குத் தெரியாது. தோட்டத்துக்குக் கேட்டு எழுதுங்க."

"உனக்குத் தெரியும். நேற்று நீ அங்க போனனி. பஸ்ஸில உன்னைக் கண்ட ஆக்கள் சொன்னவை."

"தெரிஞ்சாலும் சொல்லமாட்டேன் மாஸ்டர். கேள்வி அனுப்புங்க. நாங்க ஆளக் கொண்டார்ற வரைக்கும் எத்தன தடவ நீங்க பென்சிலத் தூக்கிப் புடிச்சிருக்கீங்க. இப்பவும் புடிங்க. ஒரு வாரம் புடிங்க."

அவர் முகம் மாறவில்லை. அடிமட்டத்தை எடுத்தார். ஷீ ஒவ்வொன்றையும் அடித்து ஹீ ஆக்கினார். ஒவ்வொரு ஹீயிலிருந்தும் ஆரோக்கியம் என்ற பெயருக்குக் கோடு இழுத்தார். நிதானமாக இழுத்தார். பிறகு சொன்னார்:

"ஆண்பாலுக்குள்ள பெண்பால் அடக்கம். ஹீ எண்டால் ரெண்டு பேரையும் பிடிக்கும். கையெழுத்து வை."

எங்கள் அச்சுக்கூடத்தில் புரூஃபின் மூலையில் இரண்டு கையெழுத்து வேண்டும். பார்த்தவர் ஒன்று, மாஸ்டர் ஒன்று. இரண்டும் இல்லாமல் மெசின் ஓடாது.

"வைக்கமாட்டேன்."

"நான் போன பிறகு உந்தக் கதிரை உனக்கெண்டு முதலாளிக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். யோசிச்சுக் கதை."

"கதிரைய நீங்களே வச்சுக்கங்க."

பார்த்தவர் என்ற இடத்தில் அவரே ஒரு கையெழுத்து வைத்தார். மாஸ்டர் என்ற இடத்தில் இன்னொன்று வைத்தார். பகல் சாப்பாட்டுக்கு முன்பே தாள் அச்சாகிவிட்டது. சுத்தமான வேலை என்று துரை பாராட்டி எழுதிய கடிதத்தை முதலாளி கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

மாஸ்டர் சொன்னதுபோல ஹீ இரண்டு பேரையும் பிடிக்கவில்லை. புசல்லாவையில் கிளாக்கர் தாளைப் பார்த்திருக்கிறார், ஹீ என்று இருந்தது, எதிரே நின்றது பெண், பெயர் பதிந்துவிட்டார். தெல்தெனியாவில் கிளாக்கர் தாளைப் பார்த்தார், ஹீ என்று இருந்தது, எதிரே ஆண். பச்சைப் பெட்டியோடு ஆபீஸ் முன்திண்ணையான இஸ்தோப்பிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். பழைய தோட்டத்தில் இடம் போய்விட்டது. நான் இல்லை, அது வேறு ஆள் என்று இவர் சொன்னாராம். அச்சில் வந்திருக்கிறதே என்றார்களாம். பெண்ணை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சில மாதம் கழித்து எங்கள் அச்சுக்கூடத்துக்கு ரயில் ஸ்டேஷனிலிருந்து காகிதக் கட்டு தூக்கிவரும் நாட்டாமிகளில் ஒருவரைப் பார்த்தேன். ஆரோக்கியம். முதுகில் கட்டோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். அவர் இறக்கி வைக்கும்வரை காத்திருந்து, உங்கள் தாளை அச்சடித்தது இந்த இடம்தான் என்று சொன்னேன். நான் ஒப்பம் வைக்கவில்லை என்பதையும் சொன்னேன்.

துண்டால் கழுத்தைத் துடைத்தார். "அக்கா பொழச்சுக்கிட்டாங்க. கேள்விப்பட்டேன். யாராவது ஒருத்தரு மாட்டித்தான ஆகணும்." பிறகு, "எம்பேரு நல்லா பெரிய எழுத்துல வந்துச்சாங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அதற்குப் பிறகு பல வருஷம் எங்களுக்குக் காகிதம் கொண்டுவந்தவர் அவர்தான். மாஸ்டரின் கோப்பை பூட்டியிருக்கும் அலுமாரியைக் கடந்து, மாஸ்டரின் கதிரைக்குப் பின்னாலேயே கட்டுகளை இறக்குவார். அவர் யார் என்று மாஸ்டருக்கு நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். காகிதம் வரவேண்டிய நாளில் கோட்டுப் பையில் கையை விட்டபடி ஜன்னலைப் பார்த்து எங்களிடம் கேட்பார்:

"அது வந்திட்டுதோ?"

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாரும் இருக்கும்போதே கேட்டேன்.

"எது மாஸ்டர்? ஆளக் கொண்டாங்க."

"பேப்பர் தூக்கிறது."

"அவரு பேரு ஆரோக்கியம். ஆம்பளை. ஒருமை."

மாஸ்டர் பென்சிலை எடுத்தார். மேசையில் கிடந்த புரூஃபில் ஒரு ஹிஸ்ஸைச் சுற்றி வட்டம் போட்டார், கோடு இழுத்தார். தலையைத் தூக்காமல் சொன்னார்.

"ஓம். அதைத்தான் கேட்டனான். வந்திட்டுதோ?"

அவருக்குப் பிறகு அந்தக் கதிரையில் அவருடைய மருமகன் உட்கார்ந்தார். நான் ஓய்வு பெறும்வரை அடுத்த மேசையிலேயே இருந்து வட்டம் போட்டேன், கோடு இழுத்தேன். வேறு வேலை எனக்குத் தெரியாது.

எங்கள் அச்சுக்கூடத்து இங்கிலீஷில் பிழை இருக்காது என்று அந்த இளைஞர் சொன்னது முழு உண்மை. அந்தச் சுற்றறிக்கை எங்காவது ஒரு தோட்டத்து அலுமாரியில் இன்னும் கிடந்தால் எடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு ஹீயும் ஒரே பெயரில் போய்ச் சரியாக முட்டும். ஒருமைக்கு ஒருமை, ஆணுக்கு ஆண். எந்தப் பள்ளிக்கூடத்திலும் நூற்றுக்கு நூறு புள்ளி கொடுப்பார்கள். அந்தப் பெயருக்குரிய ஆள் தன் பச்சைப் பெட்டியை விற்றுவிட்டு, அதே அச்சுக்கூடத்துக்குக் காகிதம் சுமந்தார். அந்தக் காகிதத்தில்தான் அடுத்த தோட்டத்துச் சுற்றறிக்கையும் அச்சானது.